சோடியம் எலக்ட்ரானைச் சும்மா கொடுப்பதில்லை: பிணைப்புகளைத் தாளில் போட்டுப் பழகும் முறை

"சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கும், குளோரின் அதை ஏற்கும், இரண்டும் நிலைத்தன்மை பெறும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியைப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். சரி, சோடியம் எதற்காக இழக்க வேண்டும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தென்தாமரைகுளத்தில் வீட்டு வராந்தாவில் டியூஷன் எடுக்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வரும் வேதிப்பிணைப்புப் பாடத்தை மனப்பாடம் இல்லாமல் எப்படிப் படிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்கே உப்பளம், மலையோரம் ரப்பர், மேற்குக் கடலோரம் மணவாளக்குறிச்சி மணல். இந்த மூன்றையும் வைத்தே முழுப் பாடத்தையும் நடத்திவிடலாம்.

முதலில் புள்ளி வைத்துப் பழகுங்கள்

ஒரு தனிம வரிசை அட்டவணை, பென்சில், அழிப்பான், இவ்வளவுதான் வேண்டும். உள்கூடுகளை எல்லாம் வட்டம் வட்டமாக வரைந்து நேரத்தைக் கரைக்காதீர்கள். பிணைப்பில் பங்கெடுப்பது வெளிக்கூடு. அட்டவணையின் 1, 2 ஆகிய தொகுதிகளில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் முறையே ஒன்று, இரண்டு. 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளில் தொகுதி எண்ணிலிருந்து பத்தைக் கழியுங்கள். குளோரின் 17-ஆம் தொகுதி, ஆகவே ஏழு. ஹீலியத்துக்கு மட்டும் இந்தக் கழித்தல் பொருந்தாது, அதற்கு இரண்டுதான். நடுவில் இருக்கும் இடைநிலை உலோகங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

தனிமத்தின் குறியீட்டை எழுதி, சுற்றி நான்கு பக்கமும் முதலில் ஒவ்வொரு புள்ளி. ஐந்தாவது புள்ளியிலிருந்து ஜோடி சேர்க்க வேண்டும். கார்பனுக்கு நான்கு தனிப்புள்ளிகள், நைட்ரஜனுக்கு ஒரு ஜோடியும் மூன்று தனிப்புள்ளிகளும், ஆக்சிஜனுக்கு இரண்டு ஜோடிகளும் இரண்டு தனிப்புள்ளிகளும் வரும். இந்தத் தனிப்புள்ளிகள்தான் பிணைப்புக்குப் போகும். 1916-ல் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ் இந்தப் புள்ளி முறையைக் கொடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கோசல், எலக்ட்ரான் கைமாறி அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட துகள்கள், உருவாவதைப் பற்றி எழுதினார். பாடப்புத்தகத்தில் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்வது அதனால்தான்.

அயனிப் பிணைப்பு: வரவு செலவு எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு. ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு) சோடியம் குளோரைடுக்கான ஆற்றல் கணக்கைக் கிலோஜூலில் எழுதுவோம்.

திண்மமாக இருக்கும் சோடியத்திலிருந்து அணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்க 107 செலவு. குளோரின் இயற்கையில் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். நமக்குத் தேவை ஜோடியில் பாதி, அதைப் பிரிக்க 122. இனி முக்கியமான செலவு: சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496. பிடுங்க என்றுதான் நான் சொல்வேன். எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரானை நேர்மின்சுமை கொண்ட உட்கரு இழுத்துப் பிடித்திருக்கிறது. எந்த அணுவும் தன் எலக்ட்ரானைத் தானாக விட்டுக்கொடுக்காது. மொத்தச் செலவு 725.

வரவுப் பக்கம் வாருங்கள். குளோரின் அந்த எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும்போது 349 வெளிவரும். அவ்வளவுதான். இன்னும் 376 துண்டு விழுகிறது. வெறும் எலக்ட்ரான் கைமாற்றத்தோடு கதை முடிந்தால் உப்பு என்ற பொருளே உண்டாகியிருக்காது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் கிடைத்த மகிழ்ச்சியில் பிணைப்பு உண்டாகிறது என்று சொல்லிக்கொடுக்கும்போது இந்த 376 காணாமல் போய்விடுகிறது. எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான்.

துண்டு விழுந்ததை அடைப்பது அயனிகள் அடுக்கப்படும் விதம். நேர்மின் சோடியம் அயனியும் எதிர்மின் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அதுவும் ஒன்றுக்கு ஒன்று என்று ஜோடியாக நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஒட்டி ஆறு குளோரைடு அயனிகள்: மேல், கீழ், இடம், வலம், முன், பின். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதேபோல ஆறு சோடியம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அயனிகளின் மையங்களுக்கு இடையே 282 பிகோமீட்டர். இப்படி அடுக்கும்போது வெளிவருவது படிகக்கூடு ஆற்றல், 787. இதை வரவில் எழுதுங்கள். 376 துண்டு போக 411 மிச்சம். இந்த 411 வெப்பமாக வெளியேறுகிறது. சோடியம் குளோரின் வாயுவில் மஞ்சள் சுடரோடு எரிவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தாளைப் போட்டுவிட்டால் வருடா வருடம் வராந்தாவில் வரும் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். "ரெண்டு எலக்ட்ரான் குடுத்தா என்ன டீச்சர்?" கொடுக்கலாம் மக்களே, செலவைப் பாருங்கள். சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 4562. முதலாவதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல். அது உள்கூட்டில், உட்கருவுக்கு மிக அருகில் இருக்கிறது. எந்தப் படிகக்கூடும் அந்தச் செலவைத் திருப்பித் தராது. மக்னீசியத்துக்கு வாருங்கள். முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1451, இரண்டும் வெளிக்கூட்டைச் சேர்ந்தவை. மூன்றாவது 7733. ஆகவே மக்னீசியம் இரண்டோடு நின்றுவிடுகிறது. சுமை இரண்டாகும்போது இழுப்பும் பலமாகும்: மக்னீசியம் ஆக்சைடின் படிகக்கூடு ஆற்றல் ஏறத்தாழ 3800. அது உருக 2800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், உப்புக்கு 801 போதும். இன்னொன்று, ஆக்சிஜன் இரண்டாவது எலக்ட்ரானை வாங்கும்போது ஆற்றல் வெளிவராது, உள்ளே செலவாகும். அதையும் இந்தப் படிகக்கூடுதான் தாங்குகிறது. எட்டு என்பது இந்தக் கணக்கின் விடை. விடையைக் காரணமாகச் சொல்லக் கூடாது.

வாய்பாடு எழுதுவது இதற்குப் பிறகு எளிது. மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாக வேண்டும். மக்னீசியத்துக்கு இரண்டு, குளோரைடுக்கு ஒன்று. எனவே ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு குளோரைடு. அலுமினியத்துக்கு மூன்று, ஆக்சைடுக்கு இரண்டு. சமமாவது ஆறில், ஆகவே இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சைடு.

உப்பளத்தில் நடப்பது எது?

சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளத்தைப் பார்க்கும் பிள்ளைகள், அங்கே சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடல்நீரில் சோடியம் அணுவே கிடையாது. அயனிகள் முன்பே இருக்கின்றன, தண்ணீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து தனித்தனியாக வைத்திருக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற அயனிகள் நெருங்கி, படிகக்கூடாக அடுக்கப்படுகின்றன. அதாவது நம் கணக்குத் தாளின் கடைசி வரி மட்டும்தான் பாத்தியில் நடக்கிறது. எலக்ட்ரான் கைமாற்றம் அங்கே இல்லை.

பாத்தியில் உப்புக்கு முன்பே படிவது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். பிறகு சோடியம் குளோரைடு. உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும். இது உப்போடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் மழைக்காலத்தில் உப்புச் சாடி தண்ணீர் விடும். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

ஒரு கல் உப்பை எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஓரங்கள் செங்கோணத்தில் இருக்கும். சிலவற்றில் ஒரு முகம் உள்ளே குழிந்து, படி படியாக இறங்கும். நல்ல கல்லாகத் தேர்ந்து, கத்தி முனையை ஒரு பக்கத்துக்கு இணையாக வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினால், நொறுங்காமல் வழவழப்பான தட்டைப் பரப்போடு பிளக்கும். தட்டும்போது ஓர் அடுக்கு கொஞ்சம் நகர்கிறது. நகர்ந்ததும் நேர்மின் அயனிக்கு எதிரே நேர்மின் அயனி வந்துவிடுகிறது. இரண்டு அடுக்கும் விலகித் தள்ளிக்கொள்கின்றன. 'அயனிச் சேர்மங்கள் நொறுங்கும் தன்மை கொண்டவை' என்ற வரிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சில்லு தெறிக்கும்.

சகப்பிணைப்பு: தேவையிலிருந்து இருப்பைக் கழியுங்கள்

இரண்டு அணுக்களில் எதுவுமே எலக்ட்ரானைச் சுலபமாக விடாதபோது என்ன ஆகும்? பங்கிட்டுக்கொள்ளும். பங்கிடுவது என்றால், அந்த எலக்ட்ரான் ஜோடியை இரண்டு உட்கருக்களும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன என்று பொருள். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது ஆற்றல் குறைந்துகொண்டே வரும். 74 பிகோமீட்டரில் அது மிகக் குறைவு. அதற்கும் கிட்டே போனால் உட்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்த இடத்தில் அணுக்கள் நிலைகொள்கின்றன. மீண்டும் பிரிக்க 436 கிலோஜூல் வேண்டும். 'சகப்பிணைப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இர்விங் லாங்மூர் 1919-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

புள்ளி வரைபடம் போடும்போது பிள்ளைகள் எத்தனை பிணைப்பு என்று ஊகம் செய்துகொண்டிருப்பார்கள். ஊகம் வேண்டாம். எல்லா அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள், அது இருப்பு. ஒவ்வோர் அணுவுக்கும் எட்டு, ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டு என்று கூட்டுங்கள், அது தேவை. தேவையிலிருந்து இருப்பைக் கழித்து இரண்டால் வகுத்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை.

கார்பன் டை ஆக்சைடு: இருப்பு 4, 6, 6, மொத்தம் 16. தேவை 24. வித்தியாசம் 8, ஆகவே நான்கு பிணைப்புகள். கார்பனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு. மிச்சமிருக்கும் எட்டு எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்கு இரண்டிரண்டு ஜோடியாகக் கொடுங்கள். நைட்ரஜன் வாயு: இருப்பு 10, தேவை 16, மூன்று பிணைப்புகள். தண்ணீர்: இருப்பு 8, தேவை 12, இரண்டு பிணைப்புகள், ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு ஜோடிகள், அதாவது தனி ஜோடிகள்.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லாது. போரான் ட்ரைஃபுளோரைடில் போரானுக்கு ஆறுதான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பாஸ்பரஸுக்குப் பத்து. எட்டுக்குக் கண்டிப்பாகக் கட்டுப்படுபவை கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின். அவற்றின் நிலையான சேர்மங்களில் நைட்ரிக் ஆக்சைடு மாதிரி ஒற்றைப்படை எலக்ட்ரான் கொண்டவை போக, மற்றவற்றுக்கு இந்தக் கழித்தலைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

மலையோரத்து உதாரணம்

குலசேகரம் பக்கம் விடியற்காலையில் ரப்பர் மரத்தைச் சீவிவிட்டால் சிரட்டையில் பால் சேரும். அதில் மிதப்பது ரப்பர் துகள்கள். ஒவ்வொன்றும் ஐசோபிரீன் என்ற ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன் கொண்ட அலகுகள் சகப்பிணைப்பால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளின் மூட்டை. துகளின் மேலே புரத உறை. அதன் எதிர்மின்சுமையால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. டிஷ்ஷில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஃபார்மிக் அமிலம் விட்டால் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைச் சமன்செய்கின்றன. தள்ளுவிசை போய்விட, பால் உறைந்து கட்டியாகிறது. உறைவதில் எந்தச் சகப்பிணைப்பும் உடையவில்லை. சங்கிலிகள் அப்படியேதான் இருக்கின்றன.

அந்தக் கட்டியை அழுத்தி எடுக்கும் ஷீட்டை அப்படியே டயராக்க முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே கந்தக அணுக்கள் சகப்பிணைப்பால் பாலம் போடுகின்றன. இழுத்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்புவது இந்தப் பாலங்களால். 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு, ஆகவே சகப்பிணைப்பு பலவீனமானது' என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறிடமிருந்து விலகுகிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 463 கிலோஜூல் வேண்டும். அடுப்பில் கொதிக்கும் பானைக்கு அந்த வலிமை இல்லை. வைரம் முழுக்க முழுக்கச் சகப்பிணைப்பு; அதைப் பலவீனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எந்த வகை என்று தீர்மானிப்பது

லைனஸ் பாலிங் 1932-ல் கொடுத்த எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோல் இதற்கு உதவும். பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களை ஓர் அணு எவ்வளவு பலமாகத் தன் பக்கம் இழுக்கிறது என்பதுதான் கவர்தன்மை. இன்றைய மதிப்புகளில் சோடியம் 0.93, குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, ஆக்சிஜன் 3.44. இரண்டு அணுக்களின் மதிப்பைக் கழியுங்கள். வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் பெரும்பாலும் அயனித்தன்மை. சோடியம் குளோரைடுக்கு 2.23. தண்ணீரில் 1.24, எலக்ட்ரான் ஜோடி ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருக்கும், இது முனைவுற்ற சகப்பிணைப்பு. கார்பன்-ஹைட்ரஜனில் 0.35, கிட்டத்தட்டச் சமப் பங்கு.

1.7 என்பது சுவர் கிடையாது. ஹைட்ரஜன் ஃபுளோரைடின் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும் சகப்பிணைப்புச் சேர்மம்; 20 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

'உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு' என்ற சுருக்கு வழியை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டும் ரூடைலும் இருக்கின்றன, இரண்டும் டைட்டானியத் தாதுக்கள். ரூடைலைக் கார்பனோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரின் செலுத்தினால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு கிடைக்கும். உலோகம், அலோகம், ஆனால் நிறமற்ற திரவம்! 136 டிகிரியில் கொதித்துவிடும். நான்கு நேர்மின்சுமையைச் சின்ன உருவத்தில் தாங்கும் டைட்டானியம், குளோரைடின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்துச் சிதைக்கிறது. இழுத்து இழுத்துப் பங்கீடு ஆகிவிடுகிறது. நேர்மின் அயனி சிறியதாக, சுமை பெரியதாக இருந்தால் சகப்பிணைப்புத் தன்மை கூடும் என்பது ஃபஜான்ஸ் விதி. அயனிப் பிணைப்பின் கணக்கை ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கு இந்த விதி தனியாக மனப்பாடம் ஆக வேண்டியதில்லை.

அதே மணலில் மோனசைட்டும் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கே கண்டறிந்தார். அது சீரியம், லாந்தனம், தோரியம் போன்றவற்றின் பாஸ்பேட். பாஸ்பேட் அயனிக்குள்ளே பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. அந்த அயனி முழுவதையும் உலோக அயனிகளோடு கட்டிப்போடுவது அயனிப் பிணைப்பு. சிப்பிச் சுண்ணாம்பும் இதே வகை. சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டு நீற்றும்போது கார்பனேட்டுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கால்சியம் ஆக்சைடு மிஞ்சும்.

வீட்டில் சரிபார்க்க

9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., 330 ஓம் மின்தடை, இரண்டு பென்சில் கரி முனைகள். எல்லாவற்றையும் தொடராக இணைத்து, கரி முனைகளுக்கு இடையே விட்டுவைத்த இடைவெளியில் பொருளைச் சோதியுங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது. காய்ந்த கல் உப்பில் வைத்தால் விளக்கு எரியாது. அயனிகள் இருந்தாலும் நகர இடமில்லை. தண்ணீரில் கரைத்ததும் எரியும். சர்க்கரைக் கரைசலில் எரியாது, ஏனென்றால் சர்க்கரை மூலக்கூறு முழுசாகவே கரைகிறது. குழாய்த் தண்ணீரில் அயனிகள் ஏற்கெனவே இருப்பதால் லேசாக எரிந்து குழப்பும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக் கரைசலில் சில வினாடிக்கு மேல் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பழைய கரண்டியில் சர்க்கரையைச் சூடாக்கினால் உருகிப் பழுப்பாகும். உப்பு அதே தீயில் உருகாது. கல் உப்பு படபடவென்று வெடிக்கும். படிகத்துக்குள் சிக்கிய துளித் தண்ணீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருகிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி நீங்களே போட்டுப் பாருங்கள்

கால்சியம் ஆக்சைடு, பொட்டாசியம் ஃபுளோரைடு, அம்மோனியா, ஃபார்மிக் அமிலம், அம்மோனியம் குளோரைடு. முதல் இரண்டும் சுமை சமன்செய்தால் முடிந்தது. அம்மோனியாவுக்கு இருப்பு 8, தேவை 14, மூன்று பிணைப்புகள், நைட்ரஜனில் ஒரு தனி ஜோடி. ஃபார்மிக் அமிலத்தில் இருப்பு 18, தேவை 28, ஐந்து பிணைப்புகள்: கார்பனுக்கும் ஓர் ஆக்சிஜனுக்கும் இடையே இரட்டை, மற்றவை ஒற்றை.

கடைசியைக் கொஞ்சம் நிதானமாகப் போடுங்கள். ரப்பர் பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அதே அம்மோனியாதான், ஹைட்ரஜன் அயனி வந்ததும் தன் தனி ஜோடி முழுவதையும் அதற்குக் கொடுக்கிறது. இரண்டு எலக்ட்ரானும் ஒரே அணுவிலிருந்து வருவதால் இது ஈதல் சகப்பிணைப்பு. உண்டான பிறகு நான்கு நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒன்றுபோலவே இருக்கும், எது கொடுத்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. இந்த அம்மோனியம் அயனிக்கும் குளோரைடுக்கும் இடையே அயனிப் பிணைப்பு. தாளில் அம்மோனியத்தைச் சதுர அடைப்புக்குள் வரைந்து, மேலே கூட்டல் குறி போட மறந்துவிடாதீர்கள். குளோரைடுக்கு எட்டுப் புள்ளியும் கழித்தல் குறியும்.